மாமா மறுபடி மலையேறிய நாள்

அந்தக் குடும்பத்தில் 'மலை' என்று மொட்டையாகச் சொன்னால் கேசினோ இருக்கிற கெந்திங் மலைதான். 'அவரு மலைக்குப் போயிருக்காரு' என்று அத்தை சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கிவிடும். திரும்பி வந்தவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே போன காரியம் என்ன ஆனது என்று தெரிந்துவிடும்.

கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவுக்கு இப்போது 68 வயது. 2013 ஆகஸ்ட் 21ஆம் தேதி, கெந்திங்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். மலேசியாவையே உலுக்கிய விபத்து அது. அன்றைக்கு அந்தச் சாலைக்கு அத்தை போட்ட தடை பத்து வருடம் தாண்டியும் நின்றது. அதை நீக்கியவரும் அத்தைதான். "உங்க அக்கா மகன் காடி ஓட்டட்டும். நானும் வரேன். ஆனா நாலு மணிக்கு வெளிய வந்துடணும்" என்றார். மாமா தலையாட்டினார். கையில் 200 வெள்ளி, அதாவது ரிங்கிட். வங்கி அட்டை அத்தையின் கைப்பையில்.

அக்கா மகனுக்கு 26 வயது. சைபர்ஜெயாவில் மென்பொருள் வேலை. கேசினோவுக்குள் அவன் கால் வைத்ததே இல்லை. சின்ன வயதில் அதே மலையில் ராட்டினம் சுற்றியிருக்கிறான், அதோடு சரி.

ஒரு புதன்கிழமை காலையில் வீட்டிலேயே பசியாறிவிட்டுக் கிளம்பினார்கள். பத்துமலையைக் கடக்கும்போது அத்தை காருக்குள்ளிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். கோம்பாக் தாண்டியதும் காராக் நெடுஞ்சாலை ஏற ஆரம்பிக்கிறது. முன்பெல்லாம் மாமா பேருந்தில் வருவார். வளைவுக்கு வளைவு எஞ்சின் முக்கி முனகி உச்சிவரை ஏறும். இப்போது பாதி வழியில் அவானா நிலையத்தில் காரை விட்டுவிட்டுக் கேபிள் காரில் ஏறிக்கொள்ளலாம். 2016 டிசம்பரில் ஓடத் தொடங்கிய புதிய தடம் அது. 2.8 கிலோமீட்டர், பத்தே நிமிடம், ஒரு பெட்டியில் பத்துப் பேர். சில பெட்டிகளுக்குத் தரையே கண்ணாடி. அத்தை கண்ணாடித் தரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காலுக்கடியில் காடு. மரங்களின் உச்சி பச்சைக் காலிஃபிளவர் மாதிரி நெருக்கி நிற்க, நடுநடுவே பனி. பாதித் தூரத்தில் ஒரு நிலையம் வந்தது. சின் சுவீ குகைக் கோயில். பனிக்குள் ஒன்பது அடுக்குக் கோபுரம் ஒன்று தலைகாட்டியது.

"இதையும் பாக்கணும். அத்தன தடவ வந்தும் பாத்ததே இல்ல" என்றார் அத்தை.

"திரும்பும்போது பாத்துக்கலாம்" என்றார் மாமா. அவர் கண் மேலே இருந்தது.

அந்தக் கோயிலுக்கும் மேலே இருக்கிற சூதாட்டக் கூடத்துக்கும் மூலவர் ஒருவரே. லிம் கோ தோங் 1918இல் சீனாவின் ஃபுஜியன் மாநிலத்தில் அன்சி என்ற ஊரில் பிறந்தவர். 1937இல் மலாயாவுக்கு வந்தார். கட்டடக் குத்தகைக்காரராக வளர்ந்தார். 1964இல் கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, குளிர்காற்றுக்காக மக்கள் அவ்வளவு தூரம் வருகிறார்களே, தலைநகருக்குப் பக்கத்திலேயே இப்படி ஓர் இடம் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பகாங், சிலாங்கூர் எல்லையில் 1,700 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் உலு காலி மலை கண்ணில் பட்டது. 1965இல் முகமது நோவா ஓமாரோடு கூட்டுச் சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் சாலை வெட்டும் வேலை ஆரம்பம். காட்டைப் பிளந்து உச்சியைத் தொட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடித்தன.

1969 மார்ச் 31ஆம் தேதி முதல் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்ட வந்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். அரசின் காசில்லாமல் ஒரு தனியார் இவ்வளவு செய்திருப்பதைப் பார்த்து வியந்த அவர்தான் சூதாட்ட உரிமம் பற்றிய யோசனையைச் சொன்னார் என்பது அந்த நிறுவனத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 1971இல் 200 அறைகளோடு ஹோட்டல் திறந்தது. அன்று முதல் இன்றுவரை மலேசியாவில் சட்டப்படி நடக்கும் கேசினோ இந்த மலையில் மட்டும்தான். உரிமத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அரை நூற்றாண்டாக அது புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே கேசினோ வளர்ந்துகொண்டிருந்தபோதே, தன் பிறந்த மண்ணின் தெய்வத்துக்காகச் சரிவில் 18 ஆண்டுகள் செலவிட்டுக் கோயிலையும் கட்டினார் லிம். கூட்டாளி முகமது நோவாவின் பெயரில் ஒரு மசூதியும் அந்த மலையில் இருக்கிறது.

கேபிள் கார் நேராகக் கடைவீதிக்குள் கொண்டுபோய் விட்டது. ஸ்கைஅவென்யூ. மாமா இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

"எங்கடா வாசலு?"

அவர் தேடியது பழைய வாசல். ஒரு காலத்தில் ஆண்கள் கழுத்துப்பட்டையோ நீளக்கை பாத்தேக் சட்டையோ போட்டுக்கொண்டு நுழைந்த வாசல். அந்த மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் கேசினோதான் வரும் என்பது அவருடைய பழைய அனுபவம். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைதான் வருகிறது. ஒளிப்பந்துகள் கூரையிலிருந்து இறங்கி ஏறி இசைக்கேற்ப நடனமாட, அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். குழந்தைகள், தள்ளுவண்டிகள், தலையில் முக்காடிட்ட பெண்கள், மாணவர் கூட்டம். சூதாட்ட மேசைக்குப் பக்கத்தில்கூடப் போகாத பெருங்கூட்டம் இது. இதைத்தான் கெந்திங்கின் புதுப்பிப்புத் திட்டம் குறிவைத்தது.

2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது திட்டத்தின் மதிப்பு 500 கோடி வெள்ளி. பிறகு 1,038 கோடி வெள்ளியாக ஏறியது. அதற்கு முன்பே, 2013 செப்டம்பர் 1ஆம் தேதி, ஏரியும் படகும் 'கார்க்ஸ்குரூ' ராட்டினமுமாக இருந்த பழைய திறந்தவெளிப் பூங்காவை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் ஹாலிவுட்டின் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் பூங்கா வருவதாக இருந்தது. ஃபாக்ஸ் டிஸ்னி கைக்கு மாறும் நேரத்தில் ஒப்பந்தம் முறிந்தது; 2018 நவம்பரில் கெந்திங் நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது; 2019 ஜூலையில் சமரசம் ஆனது. கடைசியில் 'கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்' என்ற சொந்தப் பெயரில் பூங்கா திறந்தது 2022 பிப்ரவரி 8ஆம் தேதிதான். இடையில் கடைவீதி, புதிய கேபிள் கார், ஸ்கைகேசினோ எல்லாம் வந்துவிட்டன. 1971இன் முதல் ஹோட்டலைக்கூடச் செப்பனிட்டு நடத்துகிறார்கள். வானவில் நிறத்தில் நிற்கும் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் மட்டும் 7,351 அறைகள். அறை எண்ணிக்கையில் உலகிலேயே பெரிய ஹோட்டல் என்று 2015இல் கின்னஸ் ஏற்றுக்கொண்டது. 2019இல் மலைக்கு வந்தவர்கள் 2 கோடியே 87 லட்சம். மலேசியாவின் மொத்த மக்கள்தொகையே அப்போது மூன்றேகால் கோடி அளவில்தான் இருந்தது.

அத்தை கடைவீதியிலேயே தங்கிவிட்டார். மாமாவும் மருமகனும் ஸ்கைகேசினோவின் வாசலுக்குப் போனார்கள்.

வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. முஸ்லிம்களின் மைகாட் அட்டையில் 'இஸ்லாம்' என்று அச்சிட்டிருக்கும். இந்தியர்களை முகத்தை வைத்து இன்ன மதம் என்று சொல்லிவிட முடியாது என்பதால் அட்டையைத் தயாராகக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பைகளைக் காப்பறையில் வைத்துவிட்டு உள்ளே போகலாம்.

உள்ளே போனதும் மருமகன் அண்ணாந்து பார்த்தான். கூரை உயரம். நடைபாதை அகலம். வெளிச்சம் கண்ணை உறுத்தவில்லை. சினிமாவில் பார்த்த புகைமூட்டம் இல்லை. கேசினோவின் உட்புறத்தை எப்படி அமைப்பது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பில் ஃபிரீட்மனுடையது. தானே ஒரு காலத்தில் சூதாடியாக இருந்து பிறகு கேசினோ நடத்தியவர் அவர். கூரை தாழ்ந்திருக்க வேண்டும், பாதை வளைந்து வளைந்து போக வேண்டும், எங்கே திரும்பினாலும் இயந்திரம் கண்ணில் படவேண்டும் என்பது அவருடைய போதனை. லாஸ் வேகஸின் பழைய கூடங்கள் அந்த வழியில் வந்தவை. இன்னொன்று, 1998இல் திறந்த பெலாஜியோவின் உள்ளலங்காரத்தைச் செய்த ரோஜர் தாமஸுடையது. கூரையை உயர்த்து, வெளிச்சத்தை விடு, பூ வை, ஓவியம் மாட்டு. வந்தவர் தன்னைப் பெரிய மனிதராக உணரட்டும். நெருக்கடியில் இருப்பவர் கணக்குப் பார்ப்பார். வசதியாக உணர்கிறவர் கைதாராளமாகச் செலவழிப்பார்.

மலையில் இரண்டும் கலந்திருக்கின்றன. நடுக்கூடம் தாமஸ் வழி. இயந்திரங்கள் இருக்கும் ஓரங்களுக்குள் போய்ப் பார்த்தால் ஃபிரீட்மன் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

இயந்திரங்களைப் பார்த்து மாமா ஏமாந்துபோனார். "காசு விழற சத்தமே காணோமே!" அவர் காலத்தில் பிளாஸ்டிக் வாளியில் காசை அள்ளிக்கொண்டு போவார்கள். விரல் நுனி கறுத்திருக்கும். யாருக்காவது ஜேக்பாட் விழுந்தால் தகரத் தட்டில் காசு கொட்டுகிற ஓசை கூடம் முழுக்கக் கேட்கும். இப்போது நோட்டைச் செருகினால் திரையில் எண் ஏறுகிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு காகிதச் சீட்டு வருகிறது. அதைக் கொண்டுபோய்ப் பணமாக்கிக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் கையில் கனம் குறைவதை உணர்ந்து எழுந்துபோகிற வாய்ப்பு அந்த வாளியோடு போய்விட்டது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் நடாஷா டவ் ஷூல் பல ஆண்டுகள் லாஸ் வேகஸில் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்ட புத்தகத்தில், இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்கள் ஜெயிப்பதற்காகக்கூட ஆடுவதில்லை, அந்த மயக்க நிலையில் தொடர்ந்து இருப்பதற்காகவே ஆடுகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே பதிவு செய்திருக்கிறார். இருக்கையின் சாய்வு, பொத்தான் இருக்கும் உயரம், ஒலியின் சுதி வரை அதற்காகவே வடிவமைக்கப்படுகின்றன.

மாமா இயந்திரத்துக்கு ஆசைப்படாதவர். அவருக்கு மேசைதான் பிடிக்கும். 'தாய் சாய்', அதாவது பெரிசு சின்னது. ஆனால் முதலில் இருவரும் நின்றது பாக்காரா மேசையில். அங்கே பார்க்க வேண்டிய காட்சி ஒன்று இருந்தது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சீனப் பெண்மணி. முன்னால் சிப்ஸ் இரண்டு அடுக்கு. டீலர் அட்டையைக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினார். அவர் அதைத் திருப்பவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் நீளவாட்டு ஓரத்தைப் பிடித்து, ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறக்கிற கவனத்தோடு, ஒரு நூலளவு மடக்கினார். ஓரத்தில் இரண்டு புள்ளி தெரிந்தால் ஒன்று, மூன்று தெரிந்தால் வேறொன்று. மூன்று தெரிந்தது. ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்றுக்கும் ஓரம் அப்படித்தான் இருக்கும். அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி, இன்னொரு ஓரத்திலிருந்து நடுப்பகுதியை எட்டிப் பார்த்தார். வேண்டாத புள்ளியை விரட்டுவதற்காக 'ஃபூ' என்று ஊதினார். பின்னால் நின்ற நாலைந்து பேரும் சேர்ந்து ஊதினார்கள். அட்டை விழுந்தது. எட்டு. மேசையே ஆரவாரித்தது. கசங்கிய அந்த அட்டையை டீலர் அப்படியே ஒதுக்கினார்.

அட்டையில் என்ன இருக்கிறது என்பது அதை மடக்குவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. ஊதினாலும் மாறாது. அது அந்தப் பெண்மணிக்கும் தெரியும். ஆனாலும் அந்த அரை நிமிடத்தில் எதிர்காலம் தன் கட்டைவிரலுக்கு அடியில் இருப்பதாக ஓர் உணர்வு வருகிறது. அவர் காசு கொடுத்து வாங்கியது அந்த உணர்வைத்தான்.

மேசைக்கு மேலே ஒரு திரை. சிவப்பு வட்டம், நீல வட்டம், நடுநடுவே பச்சை. இதுவரை பேங்கர் பக்கம் எத்தனை முறை ஜெயித்தது, பிளேயர் பக்கம் எத்தனை முறை என்ற வரலாறு. சீனர்கள் அதைச் 'சாலை' என்கிறார்கள். ஆறு சிவப்பு வரிசையாக வந்திருந்தது.

"இன்னொரு செவப்பு வரும் பாரு" என்றார் மாமா.

"நீலம் வரணுமே மாமா, ஆறு வந்துருச்சே" என்றான் மருமகன்.

இரண்டு பேர் சொன்னதற்கும் அடிப்படை இல்லை. 1913 ஆகஸ்ட் 18ஆம் தேதி மான்டி கார்லோவில் ரூலட் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. பதினைந்தாவது முறைக்குப் பிறகு 'இனிச் சிவப்புதான்' என்று மொத்தக் கூட்டமும் பணத்தைக் கொட்டித் தோற்றது. சக்கரத்துக்கு நினைவு கிடையாது. அப்படியானால் அந்தத் திரையை எதற்காக இலவசமாகக் காட்டுகிறார்கள்? ஆடுகிறவருக்குத் துளியாவது பயன்படுகிற தகவலாக இருந்தால் எந்தக் கேசினோவும் அதை அவ்வளவு பெரிய எழுத்தில் காட்டாது.

கணக்கு இதுதான். பாக்காராவில் பேங்கர் ஜெயிப்பது ஏறத்தாழ 45.9 விழுக்காடு, பிளேயர் 44.6, சமன் 9.5. பேங்கர் சற்று அதிகம் ஜெயிப்பதால் அதில் ஜெயித்தால் நூற்றுக்கு ஐந்து தரகு பிடிப்பார்கள். எல்லாம் கழித்துப் பார்த்தால், பேங்கர் மேல் வைக்கும் ஒவ்வொரு நூறு வெள்ளிக்கும் கேசினோவின் பங்கு 1 வெள்ளி 6 காசு. பிளேயர் மேல் வைத்தால் 1 வெள்ளி 24 காசு. எட்டு மடங்கு தருகிறேன் என்று கூப்பிடும் சமன் மேல் வைத்தாலோ 14 வெள்ளிக்கு மேல் போகிறது. ஒரே மேசை, ஒரே சீட்டுக்கட்டு, ஓர் அங்குலம் தள்ளி வைத்ததற்குப் பத்து மடங்குக்கு மேல் விலை.

ஒரு வெள்ளி ஆறு காசுதானே என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். அந்தப் பங்கு கையில் கொண்டுபோன பணத்தின் மேல் விழுவதில்லை, வைக்கும் பந்தயத்தின் மேல் விழுகிறது. ஒரு கைக்கு 50 வெள்ளி, மணிக்கு 70 கை என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3,500 வெள்ளி மேசையைக் கடந்து போயிருக்கும். கையில் 500 வெள்ளிதான் இருந்தாலும் அதே காசு போய் வந்து போய் வந்து அந்த 3,500 ஆகிறது. பேங்கர், பிளேயர் இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்தால் அதில் கேசினோவின் பங்கு சராசரியாக 40 வெள்ளி. நாலு மணி நேரம் உட்கார்ந்தால் 160. இப்போது பக்கத்து இயந்திரத்தைப் பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு ஒரே வெள்ளி. பயமில்லாத காசு. ஆனால் ஆறு நொடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 600 சுற்று, 600 வெள்ளி. நூற்றுக்கு எட்டு வெள்ளியை இயந்திரம் வைத்துக்கொள்வதாக ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால் மணிக்கு 48 வெள்ளி. ஐம்பது வெள்ளிப் பந்தயக்காரரைவிட ஒரு வெள்ளிக்காரர் அதிகம் இழக்கிறார். சிறுகாசு என்று நினைத்து இயந்திரத்தடியில் நாள் முழுக்க உட்காரும் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

மருமகன் இதையெல்லாம் கைப்பேசியில் போட்டுக் காட்டினான். மாமா கவனமாகக் கேட்டார். பிறகு, "சரி, பெரிசு சின்னதுக்கு எவ்வளவு?" என்றார்.

அதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். மூன்று பகடை, 216 விதமாக விழலாம். 105 பெரிசு, 105 சின்னது. மீதி ஆறு, மூன்று பகடையும் ஒரே எண்ணாக விழுகிற விதங்கள். அப்போது இரண்டு பக்கத்துப் பந்தயத்தையும் கேசினோ அள்ளிக்கொள்ளும். 216இல் ஆறு என்றால் நூற்றுக்கு 2 வெள்ளி 78 காசு. அந்த ஆறு தடவைக்காகத்தான் மலைமேல் இவ்வளவு விளக்கும் எரிகிறது.

கேசினோவும் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்வதில்லை. 2018 நவம்பர் 2ஆம் தேதி தாக்கலான வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டு உரிமக் கட்டணம் 12 கோடி வெள்ளியிலிருந்து 15 கோடியாக உயர்ந்தது. மொத்த வருமானத்தில் 35 விழுக்காடு வரை சூதாட்ட வரி. மேசையிலிருந்து போகிற ஒவ்வொரு வெள்ளியிலும் அரசாங்கத்துக்கும் ஒரு துண்டு உண்டு.

மாமா 200 வெள்ளியைச் சிப்ஸாக மாற்றித் தாய் சாய் மேசையில் நின்றார். முதல் பத்து நிமிடம் சின்னது, சின்னது என்று வைத்து ஜெயித்தார். ஒரு கட்டத்தில் கையில் 380. கன்னம் சிவந்து, முதுகு நிமிர்ந்து, துறைமுகத்தில் ஆள்களை அதட்டி வேலை வாங்கிய மனிதர் திரும்பி வந்துவிட்டார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு மலாக்காக்காரர் மாமா வைக்கிற பக்கமே வைத்தார். அந்த நேரத்தில் அவரிடம் எந்தக் கணக்கும் எடுபடாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. வெற்றி உடம்புக்குள் போனால் அப்படித்தான். 1,038 கோடி வெள்ளிக் கட்டடத்துக்குள் இருக்கும் மற்ற எதையும்விட அந்த முகத்தைத்தான் மருமகன் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் மூன்று பகடையிலும் நாலு விழுந்தது. அப்புறம் பெரிசு, பெரிசு, பெரிசு.

மருமகனின் கைப்பேசி அடித்தது. "மாமா, மணி நாலு."

"இரு."

"அத்தை காத்துக்கிட்டு இருக்காங்க."

"ஒரே ஒரு கைடா. விட்டத எடுத்துட்டு வந்துடறேன்."

'விட்டதை எடுப்பது.' நாலு நம்பர் எடுக்கிற கடை வாசலிலும் அதே வார்த்தைதான், சீட்டாடும் திண்ணையிலும் அதே வார்த்தைதான். வீட்டை விற்றவர்கள் அத்தனை பேரும் ஒருநாள் சொன்ன வார்த்தை. மருமகன் அவர் தோளில் கை வைத்தான். இழுக்கவில்லை. வெறுமனே வைத்திருந்தான். மேசையில் பகடை குலுங்கி நின்றது. மாமா வைக்கவில்லை. மீதிச் சிப்ஸை அள்ளிக்கொண்டு காசாளரிடம் நடந்தார். 140 வெள்ளி.

வெளியே வந்து அத்தையைத் தேடக் கால்மணி நேரம் ஆனது. ஒரு காப்பிக் கடையின் ஓர மேசையில், மூன்றாவது கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அந்தக் காலத்துல பூங்காவுல ஏரிக்கரையில பெஞ்சு இருக்கும். ரெண்டு புள்ளைங்களையும் வெச்சுக்கிட்டுக் குளுருல உக்காந்திருப்பேன், ராத்திரி வரைக்கும்" என்றார் மருமகனிடம். "இங்க நல்லா சூடாத்தான் இருக்கு. ஆனா உக்காரணும்னா எதையாவது வாங்கணும். நாலு மணி நேரத்துல 70 வெள்ளி எனக்கே ஆயிருச்சு."

புதுப்பிப்பு என்ன செய்தது என்பதை அந்த 70 வெள்ளி சொல்லிவிட்டது. முன்பு மேசையில் இருந்தவர் மட்டும் வாடிக்கையாளர். வெளியே காத்திருந்த குடும்பத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது காத்திருப்பவரும் வாடிக்கையாளர். குளிரில் நடுங்க வேண்டாம், கழிவறை சுத்தம், பிள்ளைகளுக்கு வேடிக்கை. இதை நல்லது இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அதே சமயம், 'பிள்ளைகள் குளிரில் இருக்கிறார்கள், போகலாம்' என்று ஒரு தகப்பனை எழுப்பிக் கூட்டிவந்த காரணமும் அந்தக் கதகதப்பில் கரைந்துவிட்டது.

கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேறு மாதிரி யோசித்தார்கள். 2010இல் அங்கே இரண்டு கேசினோக்கள் திறந்தன. அதில் ஒன்று இதே கெந்திங் குழுமத்தின் செந்தோசா. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு 100 டாலர் கட்ட வேண்டும் என்று முதல்நாளே வைத்தார்கள்; 2019இல் அது 150 ஆனது. அதைவிட முக்கியமானது, மனைவியோ பிள்ளைகளோ விண்ணப்பித்து வீட்டில் சூதாட்டத்தால் சீரழிகிற ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கச் சட்டத்தில் வழி வைத்ததுதான். இந்த மலைக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். ஏரிக்கரையில் காத்திருந்த பெண்களின் கையில் அப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் ஈபிஎஃப் சேமிப்பு மலையேறியிருக்காது.

திரும்பும்போது பெட்டியில் மூவர் மட்டும்தான். பனி கண்ணாடியை மூடிக்கொண்டது. மாமா சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து அத்தையிடம் நீட்டினார். அத்தை எண்ணிப் பார்க்காமல் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தார்.

"எவ்வளவுன்னு கேக்க மாட்டியா?"

"நாலே காலுக்கு வந்தீங்க. அது போதும்."

பெட்டி மெதுவானது. சின் சுவீ நிலையம். கதவு திறந்து ஈரக்காற்று உள்ளே வந்தது. மாமா உட்கார்ந்தே இருந்தார். அத்தை எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "காலையில சொன்னீங்கல்ல, திரும்பும்போதுன்னு" என்றபடி வெளியே இறங்கினார். கதவு மூடுவதற்குள் மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள். படிக்கட்டுக்கு அப்பால் கோபுரம் பாதிதான் தெரிந்தது. அத்தை அதற்குள் பத்துப் படி இறங்கியிருந்தார்.